ஜெர்சி மாட்டிக் கொடுத்த கதவு

சேரப்பணஞ்சேரி சூசைராஜின் மகள் ஜெர்சிக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று ஊரில் சொல்வார்கள். கொஞ்சம் என்பது பொய். நன்றாகவே நீளம். மடக்கு ஏணியைக் கட்டிக்கொண்டு ஸ்கூட்டியில் அவள் வந்து இறங்கியதும், "ஆம்பள ஆளு யாரும் வர்லியாம்மா?" என்று கேட்காத வாடிக்கையாளர் அந்தப் பக்கத்தில் குறைவு. "வந்தா ஏணிய புட்சிக்கச் சொல்லலாம் சார், ஒருத்தனும் சிக்க மாட்றான்" என்பாள், சிரிக்காமல். அதற்குமேல் கேட்பவர்கள் இல்லை.

பிளஸ் டூ முடித்த கையோடு ஷிப்ட் பஸ் ஏறியவள்தான் அவளும். செல்போன் கம்பெனி லைனில் நின்றபடி, செய்து வரும் போன்களை ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்க்கிற வேலை. காண்ட்ராக்ட் முடிந்துவிட்டது என்று ஒருநாள் அடையாளக் கார்டை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். அதுவரை கார்டைக் காட்டியதும் கீச்சென்று வழிவிட்ட கேட், அதன்பிறகு அவளை யாரென்றே தெரியாததுபோல் நின்றது. கூட நின்ற பெண்கள் அழுதார்கள். ஜெர்சிக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. எரிச்சலோடு ஒரு கேள்வியும் வந்தது. நான் உள்ளே வரலாம், வரக்கூடாது என்று இந்தக் கதவுக்கு யார் சொல்லிக் கொடுக்கிறார்கள்? அந்தக் கேள்வியோடுதான் படப்பையில் கேமராவும் கதவுப் பூட்டும் மாட்டித் தரும் ரிச்சர்ட் கடையில் போய் வேலை கேட்டாள். சில வருஷத்தில் தொழில் கைக்கு வந்தது. இப்போது தனியாகவே எடுத்துச் செய்கிறாள்.

அவள் மாட்டும் பூட்டில் பெரிய மாயமில்லை. நிலைச்சட்டத்தின் தலையில் ஒரு காந்தம், கதவின் தலையில் ஓர் இரும்புத் தகடு. கரண்ட் ஓடுகிறவரை இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கும், நாலு பேர் சேர்ந்து இழுத்தாலும் விடாது. கார்டைக் காட்டினால் ஒரு பெட்டி அந்தக் கரண்டைக் கொஞ்ச நேரம் நிறுத்தும், கதவு விட்டுவிடும். ஆனால் ஜெர்சிக்கென்று ஒரு சட்டம் இருந்தது. வெளியிலிருந்து வருகிறவனை யாரென்று கதவு கேட்கலாம். உள்ளேயிருந்து போகிறவரைக் கேட்கக்கூடாது. இதில் மட்டும் அவள் யாரிடமும் இறங்கிப் போனதில்லை.

அந்தச் சட்டத்துக்குச் சோதனையாக வந்து சேர்ந்தார் தணிகாசலம். சுங்குவார்சத்திரத்தில், பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால், மூன்று மாடியில் பெண்கள் விடுதி நடத்துகிறவர். தங்கியிருப்பதெல்லாம் கம்பெனி வேலைக்காகத் தெற்கிலிருந்து வந்த பெண்கள். கீழே முன்னறையில் அவர் இருப்பார், பின்னால் சமையல்கட்டில் அவர் மனைவி சந்திரம்மாள். வாசலில் ஒரே ஒரு கண்ணாடிக் கதவு. ஜன்னலுக்கெல்லாம் கம்பி.

"உள்ள வரவும் கார்டு, வெளிய போவவும் கார்டு" என்றார் தணிகாசலம். "ராத்திரி ஒம்போதுக்கு மேல ஷிப்ட் கீறவ கார்டு மட்டும்தான் வேல செய்யணும். மத்ததெல்லாம் செத்துடணும். கரண்ட் போனாலும் தொறக்கக் கூடாது. பெரிய பேட்டரியா போட்ரு."

"உள்பக்கம் ஒரு பட்டன் வெக்கணும் சார். அமுக்குனா தொறக்கும். பக்கத்துல பச்சப் பொட்டி ஒண்ணு. அவசரம்னா அத அமுக்கினா பூட்டுக்குப் போற கரண்டே கட்டாயிடும்."

"பட்டன வெச்சிட்டா அப்புறம் பூட்டு இன்னாத்துக்கு? வயசுப் பொண்ணுங்கம்மா. வெளிய போன எடத்துல ஒண்ணு ஆச்சின்னா பெத்தவனுக்கு யாரு பதில் சொல்றது?"

"உள்ள ஒண்ணு ஆச்சின்னா?"

"உள்ள இன்னா ஆவும்? அதான் நான் கீறேனே."

தணிகாசலம் கெட்ட மனிதர் இல்லை. பயந்த மனிதர். பயந்த மனிதரோடு பேசி ஜெயிப்பது கெட்டவரோடு பேசுவதைவிடக் கஷ்டம். பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடலாம் என்று ஜெர்சிக்குக் கை பரபரத்தது. ஆனால் அவள் போனால் இன்னொருவன் வருவான். சொன்னதைச் சொன்னபடி மாட்டிவிட்டு வாயைத் திறக்காமல் போவான். அப்புறம் அத்தனை பெண்களும் அந்தக் கதவுக்குப் பின்னால்தான் படுத்து எழுந்திருக்க வேண்டும். ஆத்திரத்தை விழுங்கிக்கொண்டு நின்றாள்.

"சரி சார், உங்க இஷ்டப்படியே மாட்றேன். ஆனா ஒண்ணு. பூட்டுக்கு உசுரு குடுத்த அப்புறம், மொத வாட்டி நீங்க உள்ள இருந்து வெளிய வரும்போது வேற யாரும் தொறந்து வுடக் கூடாது. நீங்களா வந்துட்டீங்கன்னா இப்பிடியே வுட்டுட்டுப் போய்டறேன். வர முடியலன்னா பட்டன் வெக்கணும். ஒத்துக்கறீங்களா?"

தணிகாசலம் வயிறு குலுங்கச் சிரித்தார். "என் கதவு, என் கார்டு. எனக்கு வெளிய வரத் தெரியாதா? ஒத்துக்கினேன் போ."

வேலை ஆரம்பமானது. கதவுத் தலையில் துளை போட்டுக் காந்தத்தை ஏற்றினாள். சுவரோரமாக ஒயரை மூடும் கேசிங் அடித்து, கார்டைப் படிக்கும் ரீடருக்கும் பூட்டுக்கும் ஒயர் இழுத்து, முன்னறையில் இருந்த கன்ட்ரோல் பெட்டிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தாள். அப்படியே யாரையும் கேட்காமல் பட்டனுக்கும் சேர்த்து ஒயரை இழுத்து, முனையில் டேப் சுற்றி நிலைச்சட்டத்துக்குள் சுருட்டி வைத்தாள். இருந்துவிட்டுப் போகட்டும் என்றுதான்.

டீ கொண்டுவந்த சந்திரம்மாள் ஏணிக்குக் கீழேயே நின்றாள்.

"இது எப்பிடிம்மா தொறக்கும்?"

"கார்டு காட்டுனாதான்க்கா தொறக்கும். உள்ள இருந்து போறதுன்னாலும் கார்டுதான்."

"விடியகாலம் எல்லாம் தூங்கினு கீறப்ப நான்தான் அடுப்புகிட்ட நிப்பேன். கேஸு கீஸு ஒழுவி, ஓடணும்னா?"

"கார்டத் தேடி எடுத்துக்கினு ஓடணும். நீங்க கார்ட எங்க வெப்பீங்க?"

சந்திரம்மாள் தன் நைட்டியை மேலும் கீழும் தடவிப் பார்த்தாள். "இதுல ஏது பாக்கெட்டு?" என்றாள். டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு முன்னாலேயே பூட்டு உயிர் பெற்றது. கண்ணாடிக் கதவு சட்டென்று நிலையோடு ஒட்டிக்கொண்டது. ஓவர்டைம் இல்லாத நாள், பெண்கள் எல்லோரும் உள்ளேதான். சிலர் துணி துவைத்தார்கள், சிலர் தலைக்குக் குளித்துக் கூந்தலை விரித்துவிட்டிருந்தார்கள், மற்றவர்கள் போர்த்திக்கொண்டு தூங்கினார்கள். புழுக்கம் தாங்காத தணிகாசலம் சட்டையைக் கழற்றி மாடிக் கொடியில் போட்டுவிட்டு, பனியனும் கைலியுமாக முன்னறை நாற்காலியில் சாய்ந்திருந்தார். ஜெர்சி வெளியே நின்று ரீடரின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

முதலில் ஒரு தும்மல் கேட்டது. அப்புறம் நாலைந்து தும்மல். அப்புறம் மாடியிலிருந்து ஒரே இருமல். காய்ந்த மிளகாயை வெறும் வாணலியில் போட்டுக் கருக வறுத்தால் வரும் நெடி தெரியுமல்லவா? அது விடுதி முழுவதும் ஏறிவிட்டது. பெண்கள் துப்பட்டாவை வாயில் அமுக்கிக்கொண்டு படிக்கட்டில் தடதடவென்று இறங்கினார்கள். தணிகாசலம் எல்லோருக்கும் முன்னால் வந்து கதவைத் தள்ளினார். கதவு அசையவில்லை. நெஞ்சைத் தட்டிப் பார்த்தார். பனியனுக்குப் பாக்கெட் கிடையாது. கார்டு சட்டையில், சட்டை மாடியில், மாடிப்படி முழுக்கக் கண்ணைக் கசக்கிக்கொண்டு இறங்கும் பெண்கள். அவர்கள் யாருக்கும் இன்னும் கார்டு கொடுத்திருக்கவில்லை.

"தொறம்மா, தொற" என்று கண்ணாடியை அறைந்தார்.

பந்தயம் ஜெர்சிக்கு நன்றாக நினைவிருந்தது. ஜெயித்தாயிற்று என்றும் தெரிந்தது. இன்னும் கொஞ்சம் வேடிக்கை பார்த்தால் இந்த ஆளுக்கு ஜென்மத்துக்கும் மறக்காது என்றுகூடத் தோன்றியது. ஆனால் அவருக்குப் பின்னால் மூச்சுத் திணறி நின்ற பெண்களைப் பார்த்தபிறகு யோசிக்க ஒன்றுமில்லை. கையிலிருந்த சோதனைக் கார்டை ரீடரில் காட்டினாள். கதவு விட்டது. மொத்தக் கூட்டமும் வாசலில் வந்து விழுந்தது.

கடைசியாக, அவசரமே இல்லாமல், சந்திரம்மாள் வெளியே வந்தாள். மூக்கையும் வாயையும் சேர்த்து ஈரத் துண்டைக் கச்சிதமாகக் கட்டியிருந்தாள். கண் சிவக்கக்கூட இல்லை. ஜெர்சிக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. சிரிப்பை அடக்குவதற்குத் தரையில் கிடக்காத ஸ்குரூவைக் குனிந்து தேட வேண்டியதாயிற்று.

தணிகாசலம் மூக்கைச் சிந்திவிட்டு நிமிர்ந்தார். ஓனர் இல்லையா, உடனே ஒரு வழி கண்டுபிடித்தார். "நீ தொறந்து வுட்ட. அதனால பந்தயம் செல்லாது."

"செல்லாதுன்னே வெச்சிக்குவோம் சார். திரும்ப உள்ள போங்க. இந்த வாட்டி நான் தொறக்கல."

அவர் கதவைப் பார்த்தார். உள்ளேயிருந்து நெடி இன்னும் வந்துகொண்டுதான் இருந்தது.

"போறதுன்னா சீக்கிரம் போங்க" என்றாள் சந்திரம்மாள், துண்டை இறக்காமலே. "வறுக்க இன்னும் அரை கிலோ மொளகா கீது."

பெண்கள் யாரும் உள்ளே போகவில்லை. நைட்டியும் ஈரத் தலையுமாக ரோட்டோரம் நின்றார்கள். டீக்கடைக்காரர் வடை போடுவதை விட்டுவிட்டுப் பார்த்தார். அந்த வழியாக வந்த ஷிப்ட் பஸ் நின்றது, டிரைவர் தலையை நீட்டி என்ன விஷயம் என்று கேட்டார். "உள்ள வச்சுப் பூட்டிட்டாவ அண்ணே" என்று உரக்கச் சொன்னாள் ஷாரோன். நாங்குனேரிப் பக்கத்துப் பெண், அன்றுவரை ஓனர் முன்னால் வாய் திறக்காதவள். பஸ்ஸில் இருந்த அத்தனை தலைகளும் தணிகாசலத்தின் பனியனைத் திரும்பிப் பார்த்தன.

"வெச்சித் தொலம்மா உன் பட்டன" என்றார் அவர்.

சுருட்டி வைத்த ஒயரை ஜெர்சி நிலைச்சட்டத்திலிருந்து வெளியே உருவியபோது, "இத எப்பம்மா இழுத்து வெச்ச?" என்றார் தணிகாசலம். கதவுக்கு உள்பக்கம், எல்லோர் கைக்கும் எட்டும் உயரத்தில் பட்டனை வைத்தாள். அதன் பக்கத்தில் பச்சைப் பெட்டி. அந்தப் பெட்டியின் ஒயரை மட்டும் நேராகப் பூட்டுக்குப் போகும் கரண்டில் கோத்தாள். கார்டு கெட்டாலும், கன்ட்ரோல் பெட்டியே எரிந்துபோனாலும், அதை அமுக்கினால் காந்தம் செத்துவிடும். மெயினை அணைத்துவிட்டுப் பார்த்தாள். பேட்டரியில் பூட்டு பிடித்துக்கொண்டே இருந்தது. பட்டனை அமுக்கினாள், திறந்தது. பச்சைப் பெட்டியை அமுக்கினாள், கதவு தானாகவே அலுங்கி விலகியது. வாசலில் யாரோ கை தட்ட, எல்லோரும் சேர்ந்து தட்டினார்கள். ஜெர்சிக்குப் பெருமை தாங்கவில்லை. எத்தனையோ கதவு மாட்டியிருக்கிறாள், எதற்கும் கைதட்டல் கிடைத்ததில்லை.

நெடி அடங்கியதும், ஜெர்சி எடுத்துக் கொடுத்த கார்டைக் காட்டிப் பெண்கள் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். தணிகாசலம் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். ஷாரோன் பட்டனை அமுக்கி வெளியே போனாள். படியில் சற்று நின்றாள். கார்டைக் காட்டி உள்ளே வந்தாள். மறுபடி அமுக்கி வெளியே போனாள்.

"எங்கம்மா போற?" என்றார் தணிகாசலம்.

"எங்கயும் போகல சார். தொறக்கான்னு பாத்தேன்."

அவளுக்குப் பின்னால் மற்றப் பெண்களும் செருப்பை மாட்டிக்கொண்டு வரிசையில் நின்றிருந்தார்கள். தணிகாசலம் வழியில் கிடந்த தன் நாற்காலியைச் சுவரோரமாக இழுத்துப் போட்டுக்கொண்டார். கடைசிப் பெண் அமுக்கிப் பார்க்கிறவரைக்கும் ஜெர்சி தன் பையை மூடவில்லை.