ஃபெல் என்றால் மலை

நான் பிழைக்க வந்திருக்கும் இந்த வட இங்கிலாந்து ஊரில் மலையை யாரும் மவுண்டன் என்பதில்லை. பள்ளியில் அடித்துச் சொல்லிக்கொடுத்த சொல் இங்கே செல்லாது. மலை ஃபெல், மலைமேல் கிடக்கும் குளம் டார்ன், ஓடை பெக். எல்லாம் ஒரு காலத்தில் நார்வே பக்கமிருந்து கப்பலேறி வந்தவர்களின் சொற்களாம். வந்தேறிகளின் பேச்சே மலைக்குப் பெயராகிவிட்டது. இதை நான் தெரிந்துகொண்ட விதம்தான் சரியில்லை.

முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை எனக்கு. சேர்ந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. தாமஸ் என்ற கிழவர், ஆடு மேய்த்தவர், பக்கவாதத்தில் பேச்சு போய் ஒன்றிரண்டு சொற்களே மிஞ்சியிருந்தன. பனி கொட்டிய ஒரு காலை, குளிர் வரக்கூடாதென்று திரைச்சீலையை விலக்காமல் விட்டேன். அவர் சன்னலைக் காட்டி, "ஃபெல்... ஃபெல்..." என்றார். எனக்குத் தெரிந்த ஃபெல் என்றால் விழுந்தேன். எங்கே, தலையில் பட்டதா என்று பதறிக் கேட்டேன். மறுபடி சன்னலைக் காட்டினார். அங்கேதான் விழுந்திருக்கிறார் என்று நானே முடிவு கட்டி, விதிப்படி எழுதிவைத்து ஆம்புலன்ஸை அழைத்தேன். போகும்போதும் கையை நீட்டிக்கொண்டே போனார். தலையில் ஒன்றுமில்லை. ஆஸ்பத்திரியில் சளி பிடித்து, பத்தாம் நாள் போய்ச் சேர்ந்தார்.

அவர் அறையைக் காலி செய்தபோது, உடன் வேலை பார்க்கும் கேரன் திரையை விலக்கினாள். வெளியே வெள்ளை மலை. "அவருடைய ஃபெல். அதைப் பார்த்தால்தான் காலையில் டீயே குடிப்பார்" என்றாள். யாரும் என்னைக் குற்றம் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் தேவலை.

அன்று அகராதியைப் புரட்டினேன். ஃபெல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு, ஆங்கிலத்தின் சொந்தப் பழஞ்சொல்: விலங்கின் தோல். பேரணாம்பட்டு டேனரியில் உப்புத் தோல் புரட்டியே அப்பா என்னை வளர்த்தார். அந்த ஃபெல்லுக்குள் பிறந்தவள், இந்த ஃபெல்லைத் தெரியாமல் வந்துவிட்டேன். எழுத்து ஒன்றுதான், இரண்டுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை.

ஞாயிற்றுக்கிழமை அப்பா வீடியோவில் வந்தார்.

"இன்னாம்மா, குளிர் ஜாஸ்தியா? ஒரு மாதிரியா இருக்கியே?"

நடந்ததைச் சொன்னேன்.

"தெரைய வெலக்கியிருந்தா போதும், இல்ல?"

"ஆமாப்பா."

அவர் பேச்சை மாற்றப் பார்த்தார். "போனை சன்னல் பக்கம் திருப்பு, உன் ஊரப் பாக்குறேன்." திருப்பினேன்.

"அது இன்னாது, வெள்ளையா?"

அந்தச் சொல் எனக்கு வாயில் வரவில்லை.

"மலைதாம்பா" என்றேன்.