சோற்றுக்குப் பயந்தவர்

விஷக்காய்ச்சல் விட்டு என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியிலிருந்து தாராவிக்குத் திரும்பியபோது, காய்ச்சல் மட்டும்தான் விட்டிருந்தது. சோற்றைக் கண்டால் அவருக்கு உடம்பு நடுங்கியது. அறுபதுகளின் நடுவில், எங்களுக்குக் கல்யாணமாகி அதிக நாள் ஆகாத சமயம்.

இனி எல்லாம் சாப்பிடலாம் என்று டாக்டர் சொல்லித்தான் அனுப்பினார். ரேஷன் அரிசியில் கல் பொறுக்கி, குழைய வடித்து, ரசம் ஊற்றிப் பிசைந்து அவர் முன்னால் வைப்பேன். தட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். இடது கை வயிற்றில் இருக்கும்.

"கஞ்சி போதும்ட்டி."

தண்ணீர் மாதிரி ஜவ்வரிசிக் கஞ்சி. அதையும் துணியில் வடிகட்டச் சொல்வார்.

எங்கள் வரிசையில் யார் வீட்டு விசேஷமானாலும் குழம்பு வைக்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். அப்படிப்பட்ட என்னிடம் குழாயடியில் பக்கத்துக் கோலியில், அதாவது அடுத்த ஒற்றை அறையில், இருந்தவள் கேட்டாள். "என்ன மதினி, அண்ணாச்சிக்கு இன்னும் பல்லு மொளைக்கலியா? கஞ்சியே ஊத்துதிய?"

"மொதல்ல ஒன் வீட்டு ரசத்துல உப்பப் போடு. பெறவு என் அடுப்ப எட்டிப் பாரு" என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வாய்தான் அப்படிப் பேசியது. உள்ளே பதறிக்கொண்டே இருந்தது. தோல் கிடங்கு வேலைக்குப் போனவர் ஈரத்தோலைத் தூக்க முடியாமல் உட்கார்ந்துவிட, திருப்பி அனுப்பிவிட்டார்கள். இடுப்பில் வேட்டி நிற்கவில்லை. காய்ச்சலில் பிழைத்தவர் பட்டினியில் போய்விடுவாரோ?

ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. "நான் என்ன வெசத்தையா வைக்கேன்?"

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் இதே காய்ச்சலோடு ஒரு மராட்டிக்காரர் கிடந்தாராம். கஞ்சி தவிர எதுவும் கூடாதென்று டாக்டர் சொல்லியும், பசிக்கு அழுத அவருக்குப் பெண்சாதி சேலைக்குள் மறைத்துச் சோறும் மீனும் கொண்டுவந்து ஊட்டினாளாம். சிரித்துச் சிரித்துச் சாப்பிட்டவர் மறுநாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அலறினாராம். குடல் ஓட்டையாகிவிட்டது என்றார்களாம்.

"அவ கையில மஞ்சக் கறகூடப் போகல, அதுக்குள்ள ஆளு போயிட்டாரு. நீ தட்டக் கொண்டாந்தா எனக்கு அந்தக் கைதான் தெரியிது."

என் கைகளைப் பார்த்துக்கொண்டேன். பிறகு, சோற்றுப் பானையையும் ரசச் சட்டியையும் அவர் பக்கமாக நகர்த்தினேன். "அப்ப நீங்களே போட்டுக்கிடுங்க. நான் தொடல." எங்கள் ஆட்களில் எந்த ஆம்பளையும் தானே போட்டுத் தின்றதை நான் கண்டதில்லை. வாசல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.

வெகுநேரம் கழித்துக் கரண்டிச் சத்தம் கேட்டது. ஓரக்கண்ணால் பார்த்தேன்; ஒரு வாய் விழுங்கினார். அந்த நிமிஷமே பயம் என்னிடம் வந்து ஏறிக்கொண்டது. டாக்டர் சொன்னது தப்பாக இருந்தால்? அவர் புரண்டாலும் இருமினாலும் ஓடிப்போய் முகத்தைப் பார்த்தேன். பொழுது சாயும்வரை எனக்குப் பச்சைத்தண்ணீர் இறங்கவில்லை.

"ஏட்டி!"

திரும்பினால், பானையருகே உட்கார்ந்து மிச்சச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"ரசத்துல உப்புக் கம்மி."

உப்பெல்லாம் சரியாகத்தான் இருந்தது. இடது கை இன்னும் வயிற்றில்தான் இருந்தது. அதை அவர் அங்கிருந்து எடுக்க அந்த மழைக்காலம் முழுக்க ஆயிற்று.