அய்ர் மலைக்கு எந்தப் பக்கம்

என் வாப்பாவோடு ஹஜ்ஜுக்குக் கப்பலேறியவர்களில், ஊர் திரும்பியவர் கப்பல் பாய் தைக்கும் ஒருவர்தான். ஒல்லாந்தர் கோட்டைக்குக் கீழே ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்தார். உதடெல்லாம் உப்பில் வெடித்திருந்தது. ஒவ்வொரு முறை பேசுமுன்னும் எதிரே இருந்த மணலை உள்ளங்கையால் தடவிச் சமப்படுத்தினார்.

மக்காவிலிருந்து மதீனா போகும் வழியில் காய்ச்சல் கண்டு வாப்பா மவுத்தாகிவிட்டார் என்றார். எனக்கு அழுகை வரவில்லை.

"அய்ர் மலைய தாண்டிட்டாரா மாமு?" என்று மட்டும் கேட்டேன்.

நபிகள் நாயகத்தின் நகரத்துக்கு அந்த மலைதான் எல்லை. அதற்குள் மண்ணானால் போதும் என்று வாப்பா சொல்லிக்கொண்டே இருப்பார்.

மணலைத் தடவினார். "தாண்டியாச்சு நைனா. மலைக்கு அந்தாண்டதான் அடக்கினோம்."

"நல்லபடியா அடக்கினீங்களா?"

"இன்னா இப்டி கேட்டுட்ட? நரி தோண்டக் கூடாதுன்னு அங்கியே முள்மரத்த வெட்டி மேல போட்டேன். இந்தா, கையப் பாரு."

உள்ளங்கை முழுக்க முள் கிழித்த தழும்பு.

அந்த எல்லைக்குள் யாரும் மரம் வெட்டக் கூடாது என்பது நபிகள் வைத்த விலக்கு. ஹாஜிகளைக் கூட்டிப்போகும் ஒட்டகக்காரர்கள் ஒரு கிளையைக்கூட ஒடிக்க விடமாட்டார்கள். அப்படியென்றால் வாப்பா மலைக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டார்.

அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, "அல்லா உங்களுக்குக் கூலி குடுப்பான் மாமு" என்றேன். வீட்டுக்குப் போய் உம்மாவிடம், தாண்டிவிட்டாராம் என்றேன்.

எல்லை தெரியாமல் சொன்னாரா, என் முகத்தைப் பார்த்துச் சொன்னாரா, இன்றுவரை விளங்கவில்லை. அவர் பேரையும் நான் கேட்கவில்லை. துஆவில் வாப்பாவுக்கு அடுத்ததாக, முள் வெட்டிப் போட்டவருக்கும் என்று சேர்த்துக்கொள்கிறேன்.