நூற்று முப்பத்தேழு அடி

புல் வெட்டிய வாசம் மூக்கில் ஏறினால் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு மாடு கட்டுகிற சாளை நினைவுக்கு வரும். எனக்குக் கோல்ஃப் நினைவுக்கு வரும். பனியன் கம்பெனி டைலர் மகனுக்கும் கோல்ஃபுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் சிரிக்கலாம். போன வாரம் அவிநாசி சாலையில் ஒரு அலுவலகத்துக்குப் போயிருந்தேன். வாசலில் ஒருவர் புல் வெட்டும் மிஷினைத் தள்ளிக்கொண்டு போனார். ஈரப்புல்லும் பெட்ரோலும் கலந்த வாசம். காவலாளி வந்து, "யாரைப் பாக்கோணுங்க?" என்று இரண்டு தடவை கேட்ட பிறகுதான் நான் நின்றுகொண்டிருப்பதே எனக்குத் தெரிந்தது.

அப்போது நாங்கள் வேலம்பாளையத்தில் ஒரு காம்பவுண்டில் குடியிருந்தோம். எதிரெதிரே ஐந்தைந்து வீடுகள், நடுவில் ஒரு தண்ணீர்க் குழாய், அதை ஒட்டித் துவைக்கிற கல். பத்து வீட்டிலும் பனியன் வேலைதான். சாயங்காலம் எல்லார் தலையிலும் பஞ்சுத் தூசி ஒட்டியிருக்கும். இருபது வயதுக்காரர்களும் நரைத்த மாதிரி வீடு திரும்புவார்கள். குழம்பு வாசத்துக்கு அடியில் எப்போதும் மிஷின் எண்ணெய் வாசம் இருக்கும். இன்றைக்கும் எங்காவது அந்த எண்ணெய் வாசம் வந்தால் எனக்குப் பசிக்கிறது.

அப்பா கணியூரிலிருந்து பிழைக்க வந்தவர். மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்காதவர். ஓவர்லாக் மிஷினில் டைலர். எத்தனை பீஸ் அடிக்கிறாரோ அத்தனைக்குத்தான் கூலி என்பதால், அவருக்கு உலகத்தில் இருந்த ஒரே அளவுகோல் எண்ணிக்கைதான். எங்கள் காம்பவுண்டில் யாரும் சாப்பிட்டாயா என்று நலம் விசாரித்து நான் பார்த்ததில்லை. "இன்னைக்கு எத்தனை?" என்பார்கள். நானூறு என்று சொன்னவர் அன்றைக்கு நிமிர்ந்து நடப்பார். இருநூறு என்றவர் மிஷினையோ நூலையோ திட்டிக்கொண்டு வீட்டுக்குள் போய்விடுவார்.

அந்த வீட்டிலிருந்து நான் பி.காம். முடித்தேன். எங்கள் சொந்தத்திலேயே முதல் ஆள். சான்றிதழை அப்பா இரண்டு கையிலும் வாங்கிப் பார்த்துவிட்டு, நல்ல மார்க்கா என்று கேட்டார். அறுபத்தொரு சதவீதம் என்றேன். நூற்றுக்குத்தானே, மிச்சம் எங்கே போனது என்று கேட்டார். கேலியில்லை, நிஜமாகவே கேட்டார். பிறகு ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலை கிடைத்தது. துணி வாங்குகிற வெளிநாட்டுப் பையருக்குக் கடிதம் எழுதுவது, சாம்பிள் அனுப்புவது, திட்டு வாங்குவது. ஒரு நாளைக்கு எத்தனை கடிதம் என்று அப்பா கேட்டார். முப்பது இருக்கும் என்றேன். முப்பதுதானா என்று அவர் வாய்விட்டுக் கேட்கவில்லை. ஆனால் முகம் கேட்டது.

கோல்ஃப் வந்தது அந்த முப்பதில் ஒரு கடிதத்தால்தான். வரப்போகும் பையர் ஞாயிற்றுக்கிழமைகளில் கோல்ஃப் ஆடுகிறவர் என்று அதில் ஒரு வரி இருந்தது. முதலாளி என்னைக் கூப்பிட்டார். "கோயமுத்தூர்ல கூட்டீட்டுப் போயி ஆட உடலாம். கூட ஆடறதுக்கு ஒரு ஆளு வேணுமில்ல? நீ படிச்ச பையன், ரெண்டு மாசத்துல கத்துக்க கண்ணு." படித்தவனுக்கு எல்லாம் வரும் என்று அன்றைக்கு ஊரே நம்பியது. எனக்கும் கொஞ்சம் அந்த நம்பிக்கை இருந்தது என்பதை மறைப்பானேன்.

முதலாளி எங்கிருந்தோ மூன்று பழைய மட்டைகளும் இரண்டு பந்துகளும் வாங்கிக் கொடுத்தார். பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, எப்படி நிற்பது, எப்படிப் பிடிப்பது என்று படங்களோடு பிரிண்ட் எடுத்து வந்து வீட்டுச் சுவரில் ஒட்டினேன். காம்பவுண்டுக்குப் பின்னால், துவைக்கிற கல்லிலிருந்து பார்த்தால் தெரிகிற தூரத்தில், மூடிப்போன சாயப்பட்டறையின் காலியிடம் கிடந்தது. பார்த்தீனியச் செடியைப் பிடுங்கிப் போட்டு, ஒரு பெயிண்ட் டப்பாவைத் தரையில் புதைத்ததும் மைதானம் தயார். இரண்டு பந்தும் முதல் வாரத்திலேயே புதருக்குள் போய்விட்டன. அம்மா கட்டிங் வேஸ்ட் துணியை உருட்டி, நூல் சுற்றி, டஜன் கணக்கில் பந்து செய்து கொடுத்தாள். அவை பறக்காது. தவளை மாதிரி தத்தித் தத்திப் போகும்.

எதிர்வீட்டு ஸ்டெல்லா அக்கா நாசரேத் பக்கத்துக்காரர். கம்பெனியில் பீஸ் செக்கிங் வேலை. எட்டாவது வரை படித்தவர் என்பதால், நான் பட்டம் வாங்குவதற்கு முன் காம்பவுண்டின் படிப்பாளி அவர்தான். துணி காயப்போட வரும்போதெல்லாம் நின்று பார்ப்பார். "தம்பி, பந்து இருந்த எடத்துலதான் இருக்கு, மண்ணுதான் பறக்கு" என்பார்.

அப்பாவும் பார்ப்பார். சாயங்காலம் வந்து, துவைக்கிற கல்லில் உட்கார்ந்து டீ குடித்தபடி எண்ணுவார். நான் எத்தனை தடவை மட்டையை வீசினேன் என்ற எண்ணிக்கை. "இன்னைக்கு நூத்திப் பத்து. நேத்தைக்கு விட இருவது சாஸ்தி" என்று அம்மாவிடம் சொல்வார். பழகுகிற வேளையில் எத்தனை அடித்தால் அத்தனையும் நல்லதுதானே? நான் ஒன்றும் சொல்லவில்லை. கைக்கு உறை வேண்டும் என்று படத்தைக் காட்டியபோது, மிச்சத் துணியில் இரண்டு கைக்கும் அளவெடுத்துத் தைத்துக்கொண்டு வந்தார். படத்தில் இருந்த ஆள் இடது கைக்கு மட்டும்தான் போட்டிருந்தான். அதையும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இரண்டையும் மாட்டிக்கொண்டேன்.

பையர் வந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கம்பெனி டிரைவர் சண்முகண்ணன் வண்டி ஓட்ட, முதலாளியும் பையரும் நானும் கோயம்புத்தூர் மைதானத்துக்குப் போனோம். அவ்வளவு பச்சையை நான் அதற்கு முன்னால் சாயத் தொட்டியில்தான் பார்த்திருக்கிறேன். அந்தப் புல் வாசம்தான், முதலில் சொன்னேனே, அது. பையர் என் இரண்டு கையுறையையும் பார்த்தார், நல்ல மனுஷன், பார்வையைத் திருப்பிக்கொண்டார். பதினெட்டுக் குழிகளையும் அவர் தொண்ணூறு அடியில் முடித்தார். நான் நூற்று முப்பத்தேழு. கோல்ஃபில் குறைவாக அடித்தவர்தான் கெட்டிக்காரர். என் ஆட்டத்தை வைத்து ஆர்டர் கொடுப்பதாக இருந்தால் கம்பெனியையே இழுத்துப் பூட்டியிருக்க வேண்டும். சாம்பிள் நன்றாக இருந்ததால் ஆர்டர் கொடுத்தார்.

சாயங்காலம் காம்பவுண்டே வாசலில் நின்றது. அப்பா துவைக்கிற கல்லிலிருந்து எழுந்தார்.

"எத்தனை கண்ணு?"

"நூத்தி முப்பத்தேழுங்கப்பா."

"அவுரு?"

"தொண்ணூறுங்க."

அப்பா நடுவாசலுக்கு வந்து நின்றார். பிறகு பத்து வீட்டுக்கும் கேட்கிற மாதிரி, வெள்ளைக்காரர் தொண்ணூறோடு நின்றுவிட்டாராம், என் பையன் நூற்று முப்பத்தேழு என்று சொன்னார். பீஸ் ரேட்டில் வாழ்கிறவர்களுக்கு அதில் சந்தேகம் எங்கே வரும்? ஒருவரும் சந்தேகப்படவில்லை. அம்மா ரவையை வறுக்க ஆரம்பித்துவிட்டாள். பக்கத்து வீட்டிலிருந்து சர்க்கரை வந்தது. எல்லார் கையிலும் வாழை இலைத் துண்டில் கேசரி.

வாயைத் திறந்தேன். திறந்த வாயில் அம்மா கேசரியை ஊட்டினாள்.

அப்பாவின் சந்தோஷத்தைக் கெடுக்கக் கூடாது என்றுதான் சும்மா இருந்தேன் என வெகுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. பட்டம் வாங்கியதும் வேலைக்குப் போனதும் அவருக்கு முழுதாகப் புரியாத சங்கதிகள். நான் செய்த காரியத்தில் அவருக்குப் புரிந்து, அவர் கணக்கிலேயே நான் ஜெயித்தது அது ஒன்றுதான். இருபத்துமூன்று வயதில் முதல் தடவையாக அப்பா என்னை அப்படிப் பார்த்தார். அந்தப் பார்வையை இழக்க எனக்கு மனமில்லை.

மூன்று வாரம் அந்த எண் அப்பாவோடு கம்பெனிக்குப் போனது, பேக்கரிக்குப் போனது. எங்கள் ஊரில் டீக்கடையைப் பேக்கரி என்றுதான் சொல்வோம். அங்கேதான் ஒரு நாள் சண்முகண்ணன் டீ குடிக்க வந்திருக்கிறார். கெட்ட எண்ணமில்லாமல், "ஏனுங்ணா, அந்த வெளையாட்டுல கொறச்சு அடிக்கறவன்தானுங்க ஜெயிப்பான்" என்று சொல்லியிருக்கிறார். உடனே, பக்கத்தில் நின்ற கம்பெனி கட்டிங் மாஸ்டர், "அப்ப உங்க பையன் அடிச்சது பூராவும் ஆல்ட்ரேஷனுங்களா?" என்று கேட்டிருக்கிறார். தையல் தப்பிப்போய்ப் பிரித்துத் தைக்கத் திரும்பி வரும் பீஸைத்தான் ஆல்ட்ரேஷன் என்போம். டைலருக்கு அதைவிடப் பெரிய ஏச்சு இல்லை. மறுநாளிலிருந்து கம்பெனியில் அப்பாவுக்கு நூத்தி முப்பத்தேழு என்றே பெயர்.

அப்பா வீட்டில் வாய் திறக்கவில்லை. குழாயடியில் ஸ்டெல்லா அக்காதான் சொன்னார். "அன்னைக்கே நீ சொல்லிருக்கலாம்லா தம்பி. அவுக இப்ப டீக்குடிக்கக்கூட வெளிய வாறதில்லன்னு எங்க வீட்டுக்காரவுக சொல்லுதாவ."

அப்பா உள்ளே சட்டைக்குப் பித்தான் வைத்துக்கொண்டிருந்தார். நான் போய் நின்றேன். நிமிராமலே கேட்டார்.

"உனக்கு அன்னைக்கே தெரியுமா?"

"தெரியுங்கப்பா. நீங்க சந்தோசமா இருந்தீங்க, அதான்..."

நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"சிரிச்சாங்க, அது போவுது. நான் எதையும் படிச்சுத் தெரிஞ்சுக்க முடியாதவன் கண்ணு. யாரையாச்சும் கேட்டுத்தான் தெரிஞ்சுக்கோணும். நான் உன்னையத்தான கேட்டேன்."

அவ்வளவுதான். திட்டவில்லை. அன்று எனக்குத் தட்டு வைத்ததும் அவர்தான். ஆனால் அதற்குப் பிறகு என்னிடம் எதையும் கேட்கவில்லை. கரண்ட் பில் வந்தால், பேங்க் கடிதம் வந்தால், மடித்து எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போவார். ஸ்டெல்லா அக்கா எழுத்துக்கூட்டிப் படித்துச் சொல்வார். நான் நாலு அடி தள்ளி உட்கார்ந்திருப்பேன். சரியாகிவிடும் என்று நினைத்தேன். அடுத்த வருஷம் வெளிநாட்டு ஆர்டர்கள் குறைந்து, எங்கள் கம்பெனியில் பாதிப் பேரை நிறுத்தினார்கள். நான் கோயம்புத்தூரில் வேலை தேடிக்கொண்டு, வாரத்துக்கு ஒருமுறை வந்து போகிறவனானேன்.

இப்போது அந்தக் காலியிடத்தில் வடநாட்டுத் தொழிலாளர்கள் தங்கும் நாலு மாடிக் கட்டிடம் நிற்கிறது. காம்பவுண்டை இடித்து குடோன் கட்டிவிட்டார்கள். குழாய் இருந்த இடம் எதுவென்று எனக்கே அடையாளம் தெரியவில்லை. ஸ்டெல்லா அக்கா குடும்பம் ஊருக்கே திரும்பிவிட்டது. சண்முகண்ணன் எங்கே என்று தெரியாது. அதற்கெல்லாம் முன்பே, ஒரு மார்கழியில் அப்பா மிஷினில் உட்கார்ந்திருந்தபடியே சாய்ந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. நெஞ்சு வலி என்று ஒருநாளும் என்னிடம் சொன்னதில்லை.

காரியம் முடிந்த பிறகு, அவர் துணிகளுக்கு அடியில் ஸ்கேன் சென்டர் உறை ஒன்று இருந்தது. அவர் சாவதற்கு இரண்டு வாரம் முந்தைய தேதி. இங்கிலீஷில் இருந்த வரிகளுக்கு மேலே, ஸ்டெல்லா அக்கா பென்சிலால் தனக்குத் தெரிந்த சொற்களுக்கெல்லாம் தமிழில் அர்த்தம் எழுதியிருந்தார். அக்காவைக் கேட்டேன். தம்பியிடம் காட்டுங்கள் என்று சொன்னாராம். அவனுக்கு வேலை இருக்கும், தைப்பொங்கல் கழித்துப் போய் டாக்டரிடம் காட்டிக்கொள்கிறேன் என்றாராம் அப்பா. கடைசி வரியில் 'இதயம்' என்று எழுதியிருந்தது, 'டாக்டர்' என்று எழுதியிருந்தது, 'பார்க்க வேண்டும்' என்று எழுதியிருந்தது. நடுவில் ஒரு சொல்லின் மேல் மட்டும் கேள்விக்குறி போட்டிருந்தார்.

'உடனடியாக' என்று அதற்கு அர்த்தம்.