முப்பத்தாறு பக்கத் தீர்ப்பு

கணவர் போன மறு வருஷம், மயிலாப்பூரில் நாங்கள் இருந்த வீடு முழுக்கத் தனக்குத்தான் என்று அவருடைய அண்ணன் கேஸ் போட்டு ஜெயித்துவிட்டார். யுத்த காலம். அரிசிக்குக் கியூவில் நின்ற கால்வலியோடு டிராம் ஏறிப் பாரிமுனை போய்த் தீர்ப்பைக் கேட்டேன். அழுகை வரவில்லை. பசிகூட எடுக்கவில்லை. மரக்கட்டை மாதிரி திரும்பி வந்தேன்.

அப்பீல் பண்ணலாம் என்றார் வக்கீல் குமாஸ்தா. அதற்கு முதலில் கோர்ட் முத்திரை போட்ட தீர்ப்பு நகல் வேண்டுமாம். நகலுக்கு எத்தனை முத்திரைத்தாள் தேவை என்று கோர்ட்டில் பலகையில் ஒட்டுவார்கள். அத்தனையும் நாம்தான் வாங்கிக் கொடுக்க வேண்டும். கெடு தாண்டினால் நகல் கேட்ட மனுவை அடித்துவிடுவார்கள். நகல் இல்லாவிட்டால் அப்பீல் இல்லை. அப்பீல் இல்லாவிட்டால் நானும் என் பெண்ணும் நடுத்தெருவில்.

பலகையைப் பார்த்துவிட்டு வந்த குமாஸ்தா தலையைச் சொறிந்தார். "முப்பத்தாறு பக்கம்மா. ஜட்ஜ் நல்ல மனுஷர். உங்க நிலைமைக்கு வருத்தப்பட்டே மூணு பக்கம் எழுதியிருக்கார்."

"வீட்டை அவருக்குக் கொடுத்துட்டு எனக்கு மூணு பக்கம் வருத்தமா? அதை விட்டுட்டு மிச்சத்தை மட்டும் நகல் எடுங்களேன்!"

"அப்படியெல்லாம் முடியாதும்மா" என்று சிரித்தார். நான் வேடிக்கைக்குக் கேட்கவில்லை.

பின்கட்டு வாடகை ஒன்றுதான் எங்களுக்கு வருமானம். பாலைப் பாதியாக்கினேன். துணி சலவைக்குப் போடுவதை நிறுத்தினேன். அப்படியும் போதவில்லை. பெட்டியில் மிச்சம் இருந்தது பெண்ணுக்குக் கட்ட வைத்திருந்த பள்ளிக்கூடச் சம்பளம். செகண்ட் ஃபாரம், அதாவது ஏழாவது, படித்துக்கொண்டிருந்தாள். ஒரு டெர்ம்தானே, ஜெயித்ததும் சேர்த்துவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அதையும் எடுத்துக் கொடுத்தேன். என்ன புத்தியோ, போ! இன்றைக்கு நினைத்தால் வயிறு எரிகிறது. அன்றைக்கு ஒன்றும் தோன்றவில்லை. அப்பீல் வருஷக்கணக்கில் இழுத்தது. பாதி வீடு என் பேருக்கு வந்தபோது அவள் கல்யாணமாகி மாயவரம் போய்விட்டிருந்தாள்.

நகல் கைக்கு வந்த அன்று மத்தியானம் அதை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அத்தனையும் இங்கிலீஷ். எனக்கு ஓர் எழுத்து தெரியாது. பெண்ணைக் கூப்பிட்டேன். பள்ளிக்கூடம் நடக்கிற நேரம், அவள் அடுப்படியில் இருந்தாள். கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வந்து, விரல் வைத்து எழுத்துக் கூட்டி வாசித்தாள். நாலு வரி தாண்டவில்லை, நின்றுவிட்டாள்.

"இதெல்லாம் எங்களுக்கு இன்னும் நடத்தலம்மா. அடுத்த வருஷந்தான் வரும்."

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்திருக்க வேண்டும். விரலை எடுக்காமல் அப்படியே இருந்தாள்.

"தெரிஞ்சதை மட்டும் சொல்லு" என்றேன்.

பக்கத்தைத் திருப்பித் திருப்பித் தெரிந்த வார்த்தையைத் தேடினாள். வீடு என்றாள். அண்ணன் என்றாள். இன்னொரு வார்த்தையில் விரல் வைத்து, இல்லை என்றாள்.