எலுமிச்சைத் தோட்டத்தில் நின்ற அமெரிக்க வண்டி

கால்சா என்ற பழைய நகர்ப்பகுதியில் நானும் மகளும் இருந்த அறையின் கூரை ஒழுகத் தொடங்கியதும், நான் வேலை செய்த வீட்டு எசமானி, சிஞ்ஞோரா, தன் தோட்டத்து வண்டியை எங்களுக்கு இருக்கத் தந்தார். பிரான்காச்சோ என்ற புறநகருக்கு அப்பால், எலுமிச்சை மரங்களுக்கு நடுவே அது நின்றது. எழுபதுகளில் அமெரிக்காவில் செய்தது. பஸ் அளவு நீளம். அங்கிருந்து திரும்பிய அவருடைய தம்பி அதைக் கப்பலில் கொண்டுவந்தார். இந்த ஊர்ச் சந்துகளில் திருப்பவே முடியாமல் இங்கே நிறுத்தினார். பிறகு அவர் இறந்துபோனார்.

உள்ளே கட்டில், அடுப்பு, குளியலறைகூட இருந்தது. என் ஒன்பது வயது மகள் முதல் நாளே ஜன்னல்களுக்குத் திரை தைக்கவேண்டும் என்றாள். நான் முன் இருக்கைகளுக்கு நடுவிலிருந்த மூடியைத் தூக்கி எஞ்சினைப் பார்த்தேன். எட்டு சிலிண்டர்.

வேலை முடிந்து வந்தால் பின்கட்டிலில் உட்கார்ந்து கணக்குப் போடுவேன். அன்று ஊரில் இது இருந்திருந்தால், இங்கே மாமா, மனைவியின் ஐயா, படுத்திருப்பார். அவர் காலடியில் மனைவி. மேசையை மடித்தால் நானும் மகளும். சண்டை நெருங்கி ஊர்ச்சனம் முழுவதும் வெளியேறி நடந்த அந்த மழைநாளில் மாமாவால் எழும்ப முடியவில்லை. சைக்கிளில் ஏற்றிப் பார்த்தோம், சரிந்து விழுந்தார்.

"நீங்கள் பிள்ளையைக் கொண்டு போங்கோ. ஐயாவோடை நான் பின்னாலை வாறன்" என்றாள் மனைவி.

எங்களுக்குப் பின்னால் பாதை மூடிப்போனது. நானும் மகளும் கடல் கடந்து இங்கே வந்து சேர்ந்தோம். கடிதங்கள் வந்தன, அவள் வரவில்லை. அன்று இப்படி ஒரு வண்டி நின்றிருந்தால் என்று நினைக்காமல் அந்தக் கட்டிலில் நான் படுத்ததில்லை.

அதனால்தான் அதை எப்படியும் ஓடவைக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன். இங்கே யாரும் குண்டு போடப்போவதில்லை என்று தெரியும். தெரிந்தும் உடுப்புப் பையைக் கட்டியபடியே வைத்திருந்தேன். பக்கத்துப் பட்டறைக்காரர் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து எஞ்சினைக் கழற்றிப் பூட்டினார்.

"எங்கே போகப்போகிறாய்?"

"எங்கும் இல்லை. ஓடக்கூடியதாக இருந்தால் போதும்."

அவர் பெட்ரோல் ஊற்றியபடி சிரித்தார். "புருஷன் குடிக்கிறான் என்று என் தங்கை அழுகிறாள். இந்த வண்டி குடிப்பதை அவள் வந்து பார்க்கவேண்டும்."

ஒரு ஞாயிறு எஞ்சின் பிடித்துக்கொண்டது. வண்டி முழுதும் அதிர்ந்து, அலமாரியில் பீங்கான்கள் மோதிக்கொண்டன. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஊரில் புது வாகனத்துக்குச் செய்வதுபோல, மரத்தில் பறித்து ஒவ்வொரு சக்கரத்துக்கு முன்னும் ஒரு எலுமிச்சையை வைத்தேன்.

"நாங்கள் இதை மீனுக்குப் பிழிவோம்" என்றார் பட்டறைக்காரர்.

மகள் கதவில் வந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது. "அப்பா, எங்கை போறம்?"

"ஒரு இடமும் இல்லையம்மா. தேசிக்காய் நசியிற அளவுக்கு ஒருக்கா முன்னுக்கு எடுக்கப்போறன்."

"வேண்டாம். ஓட்டாதேங்கோ."

"ஏன்? ஓடுற வண்டிதானே?"

"அம்மாக்கு இந்த இடத்தைப் படமாக் கீறி அனுப்பினனான். மரம், பாதை, எங்கடை ஜன்னல் எல்லாம். நாங்கள் போயிட்டம் எண்டா அவ வந்து எங்கை தேடுவா?"

அவள் இறங்கி வந்து சக்கரத்தடியில் கிடந்த காய்களைப் பொறுக்கித் தன் சட்டையில் போட்டாள்.

"இது வீடு. வீட்டுக்கு ஆரும் தேசிக்காய் வைக்கிறேல்லை. பால்தான் காய்ச்சிறது."

எஞ்சினை நிறுத்தினேன். பட்டறைக்காரரிடம் பேட்டரியைக் கழற்றிக் கொண்டுபோகச் சொன்னேன். அவர் மகளின் தலையைத் தடவிவிட்டுப் போனார்.

அந்தச் சின்ன அடுப்பில் பால் வைத்தோம். வண்டி சற்றுச் சரிந்து நின்றதால் பால் ஒரு பக்கமாகவே பொங்கி வழிந்தது.

"எந்தப் பக்கம் அப்பா?"

"கிழக்கு. கடல் பக்கம்."

"நல்லதோ?"

"ஓம், நல்லது."

"அப்ப அம்மாக்கு எழுதட்டோ?"

"எழுது" என்றேன். அவள் எழுதிக்கொண்டிருக்கும்போது, கட்டி வைத்திருந்த பையை அவிழ்த்து உடுப்புகளை அலமாரியில் அடுக்கினேன். அதில் ஒரு தட்டை அவள் அம்மாவுக்கென்று வெறுமையாக விட்டேன்.