மஞ்சளுக்கு அடியில்

போன வாரம் தேவாரம் சாலையில் ஒரு ஜேசிபியைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். ஓட்டுநர் முறைத்தார். அவரைப் பார்த்துச் சிரிக்கவில்லை, வண்டியின் பெயிண்டைப் பார்த்துத்தான் என்று சொன்னால் நம்பவா போகிறார்?

ஜேசிபி நின்ற அந்த இடம் பல வருடங்களுக்கு முன் தரிசு. முத்தையா அண்ணன் தன் மலைமாடுகளை அங்கேதான் கிடை போட்டிருந்தார். நான் படிப்பு முடித்த சூட்டோடு உண்ணி மருந்துச் சோதனையில் தற்காலிக வேலைக்குச் சேர்ந்திருந்தேன். மாட்டின் முதுகு நெடுக ஊற்றுகிற மருந்து. அதன் நெடி சட்டையில் ஏறிவிட்டால் பேருந்தில் பக்கத்து இருக்கையும் எனக்கே! பாதி மாடுகளுக்கு மருந்து, மீதிக்குக் கிடையாது. காதில் எண் மாட்டலாம் என்றார்கள். நான்தான் துள்ளிக் குதித்து, கொம்பில் பெயிண்ட் அடித்தால் போதும் என்றேன். மருந்து ஊற்றியதற்குச் சிவப்பு, ஊற்றாததற்கு நீலம். எல்லாவற்றையும் யோசித்தேன், மாட்டுப் பொங்கலைத் தவிர.

அதற்கு மறுநாள் போனால், கிடை முழுக்க மஞ்சள் கொம்பு!

“என்னண்ணே இது?”

“பொங்கலுக்குக் கொம்பு தீட்டாம விடச் சொல்றீகளா தம்பி?”

மதியம் சோதனையை நடத்தும் கால்நடை டாக்டர் உண்ணி எண்ண வருகிறார். எது எதென்று தெரியாவிட்டால் சோதனை பாழ். என் வேலையும் காலி.

“இந்தச் செவல நீலம்” என்றார் முத்தையா, ஒரு செந்நிற மாட்டைக் காட்டி.

“கண்டீக! அதுக்குத்தான மொதல்ல மருந்து ஊத்துனாக. அங்கன நிக்கிற மயிலதான் நீலம்” என்றார் அவர் மனைவி பேச்சியம்மா.

“ஏ புள்ள, மாட்டுக்காரன் நானா நீயா?”

“சாணி அள்ளுறது நானு!”

சண்டை சூடு பிடித்த நேரத்தில் மைனாக்கள் வந்து இறங்கின. சாம்பல் நிற மயிலையின் காதோரம் இரண்டு உட்கார்ந்து உண்ணி கொத்தின. செவலை மேல் ஒன்றுகூட இல்லை. ஓடிப்போய் மயிலையின் கொம்படியைச் சாவியால் சுரண்டினேன். மஞ்சளுக்கு அடியில் நீலம்! செவலையைச் சுரண்டினேன். சிவப்பு! மருந்து கேட்கிறது, என் வேலையும் தப்பித்தது! பேச்சியம்மா கைகொட்டிச் சிரித்தார். டாக்டர் வந்தபோது நான் கையில் சாவியோடு கடைசி மாட்டின் கொம்பைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தேன்.

“என்னப்பா, மாட்டத் தொறந்து உள்ள போப்போறியா?”

இப்போது அங்கே கிடை இல்லை, வரிசையாக வீட்டுமனைக் கற்கள். முத்தையா அண்ணன் மாடுகளை எப்போதோ விற்றுவிட்டாராம். மஞ்சள் ஜேசிபி மட்டும் கழுத்தை மடக்கி நின்றது. அதன் மேல் இரண்டு மைனாக்கள் எதையோ மும்முரமாகத் தேடிக்கொண்டிருந்தன.

என் கை தானாகச் சட்டைப் பையில் சாவியைத் துழாவியது.